சின்னப் பின் இருக்கா?



கிண்ணியாவின் வரலாறு எழுதுவோம் என்று உட்கார்ந்தால் நமது கை தானாகவே பெரிய விடயங்களின் பக்கம் போகிறது. கொட்டியாரக் குடா, குளங்கள், வயல், யுத்தம், சுனாமி, பாலம். அவற்றை எழுதுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இன்னும் எழுத வேண்டியதும் நிறைய இருக்கிறது. இந்தப் பதிவில் நாம் பேசப்போவது அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு விடயம். நம் வீட்டு லாச்சிக்குள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிற சார்ஜர், கேபிள், சிம் பின், மெமரி சிப், ஹேண்ட்ஸ்ஃப்ரீ, சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றின் கதை.

இவை எப்படி நம் வீடுகளுக்கு வந்தன, ஒரு காலத்தில் இவற்றை நாம் எப்படிக் கணக்கு வைத்திருந்தோம், அந்தக் கணக்கு எங்கே குழம்பியது என்பதுதான் கேள்வி. இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியவர்களின் முகங்களும் குரல்களும் இந்தச் சிக்கலுக்குள்தான் மாட்டிக் கிடக்கின்றன.

*போனுக்கு முந்திய சின்னச் சாமான்கள்*

போன் வருவதற்கு முன்பும் நம் வீடுகளில் சின்னக் கருவிகள் இருந்தன. உம்மும்மாமாரின் வெற்றிலைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பாக்குவெட்டி, சுண்ணாம்புச் சிமிழ், புகையிலைத் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெட்டிக்குள் ஓர் இடம். பேரப்பிள்ளை பாக்குவெட்டியை எடுத்து விளையாடிவிட்டு மாற்றி வைத்தால், பெட்டியைத் திறந்த உடனே தெரிந்துவிடும். கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் வலை பின்னும் ஊசி கிடுகுக்குள் செருகியிருக்கும். தையல் மிசின் வைத்திருந்த உம்மாமார் பொபினை மிசினின் சின்ன லாச்சிக்குள்ளும், ஊசி, பொத்தான்களைப் பழைய பிஸ்கட் டின்னுக்குள்ளும் வைத்தார்கள். மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கொண்டுவந்த நீடோ பால்மா டின்னும், நீல நிற டென்மார்க் பிஸ்கட் டின்னும் பிறகு அந்த வேலைக்கு வந்து சேர்ந்தன.

லாச்சி என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. அலுமாரி போர்த்துக்கேயர் விட்டுப்போனது. சாமானை மூடி வைக்கும் தளபாடத்துக்குப் பெயர் வெளியிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் சின்னச் சாமானுக்கு ஓர் இடம், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் என்ற வழக்கம் நம் பெண்களுடையது. அந்த ஆள் பெரும்பாலும் உம்மாவாகத்தான் இருந்தார்.

அந்தக் காலத்தில் சின்னச் சாமானுக்கு மதிப்பு இருந்ததற்கு முக்கிய காரணம், அது தொலைந்தால் மறுபடி வாங்குவது லேசில்லை என்பதுதான். 90களை எடுத்துக்கொள்ளுங்கள். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடக்குப் பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் டோர்ச்சுக்கும் ரேடியோவுக்கும் போடும் பற்றறியும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். நம் பக்கத்திலும் தீர்ந்துபோன டோர்ச் பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய வீடுகள் ஏராளம். அப்படியான வீட்டில் ஒரு பற்றறி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியாது.

*பாதைக் காலத்துப் போன்*

இலங்கையில் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் செல்டெல் மூலம் வந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. 1995இல் டயலொக் வந்தது. ஆனால் இவையெல்லாம் அப்போது கொழும்புக் கதைகள். நமக்கு வெளிநாட்டுத் தொடர்பு என்றால் கடிதம், குரலைப் பதிந்து அனுப்பிய கெசட், அதற்குப் பிறகு கொமினிகேஷன் கடை. சவூதியிலிருந்து வாப்பா எடுக்கும் அழைப்புக்காகக் கடை வாங்கில் காத்திருந்த பிள்ளைகள் இன்றைக்குப் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதற்குப் பிந்திய வருடங்களில்தான் கைத்தொலைபேசி நம் பக்கத்தில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டிக்குள் இரண்டு சாமான் நிச்சயம் இருக்கும். ஒன்று கோடாலித் தைலம், மற்றது நொக்கியா. 2000ஆம் ஆண்டில் வந்த 3310ஐயும் 2003இல் வந்த 1100ஐயும் நம் ஊரில் தெரியாதவர் இல்லை. 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் தலையில் ஒரு டோர்ச் லைட் இருந்ததுதான் நம்மவர்களுக்குப் பிடித்துப்போனது. வயல் காவலுக்கும் கடலுக்கும் போகிறவருக்கு வேறு டோர்ச் தேவைப்படவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நம் வைத்தியசாலையையும் அழித்துவிட்டுப் போனது. அந்த நாள்களில் சார்ஜ் உள்ள ஒரு போன் யாருடைய கையில் இருந்தாலும் அது ஒரு தெருவுக்கே சொந்தம். யார் உயிரோடு, யார் இல்லை என்ற செய்தி அதன் வழியாகத்தான் கொழும்புக்கும் றியாத்துக்கும் போனது. போனைவிடச் சார்ஜர் முக்கியமாகத் தெரிந்தது அப்போதுதான்.

அந்தக் காலத்தில் திருகோணமலைக்குப் போவது என்றால் பாதையில் ஏற வேண்டும். இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: பாதை என்றால் ரோட்டு இல்லை, களப்பைக் கடக்க வாகனத்தையும் ஆளையும் ஏற்றி இழுத்த மிதவை. பாதை வரும் வரைக்கும் காத்திருந்து, ஏறி, இறங்கி, பஸ் பிடித்துப் போய்வர அரை நாள் போய்விடும். ஒரு சார்ஜர் பின்னுக்காக யார் பாதை ஏறுவார்? போகிறவரிடம் சொல்லிவிடுவோம். "மச்சான், டவுனுக்குப் போறியா? நொக்கியா பின் ஒண்டு பாரு." இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்போம்.

ஆகவே, நம் தெருவில் எந்த வீட்டில் எந்தச் சார்ஜர் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹாஜியார் வீட்டில் பெரிய பின். டைலர் நானா கடையில் சின்னப் பின். மூலை வீட்டில் பற்றறியைக் கழற்றி வைத்துச் சார்ஜ் ஏற்றுகிற கிளிப். எங்கும் எழுதி வைக்காத ஒரு பொருட்பதிவேடு, ஊராரின் நினைவிலேயே இருந்தது.

*பெரிய பின், சின்னப் பின், பத்துத் தலை*

நொக்கியாவின் பழைய சார்ஜரின் முனை 3.5 மில்லிமீற்றர் தடிப்பு. 2005 அளவில் புதிய மாதிரிகளுக்கு 2 மில்லிமீற்றர் முனை வந்தது. நம் ஊரின் "பெரிய பின், சின்னப் பின்" என்ற பேச்சு அங்கே தொடங்கியது. பெரிய பின்னைச் சின்னத் துளைக்குள் செருகுவதற்குச் சிஏ-44 என்ற ஓர் இணைப்பானையும் நொக்கியா கொடுத்தது. சுண்டு விரல் அளவு சாமான். புதுப் போனோடு வந்த முதல் வாரத்திலேயே பல வீடுகளில் அது காணாமல் போயிருக்கும்.

நொக்கியா மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். சம்சுங்குக்கு ஒன்று, சொனி எரிக்சனுக்குத் தட்டையாக ஒன்று, மோட்டரோலாவுக்கு இன்னொன்று. ஐரோப்பிய ஆணைக்குழு அப்போது எண்ணிப் பார்த்தபோது 30 வகையான சார்ஜர்கள் புழக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு கம்பனியும் தன் முனையைத் தனியாக வைத்திருந்ததால், போனை மாற்றினால் சார்ஜரும் வீண். இதற்கு மருந்தாக நம் கடைகளுக்கு வந்ததுதான் ஒரு வயரும் அதன் நுனியில் கொத்தாகத் தொங்கும் பத்துத் தலையும். பத்தில் நமக்குத் தேவையான தலைதான் முதலில் உடையும் என்பது வேறு கதை.

2009ஆம் ஆண்டு நம் வரலாற்றில் பல காரணங்களுக்காக நிற்கிறது. மே மாதம் யுத்தம் முடிந்தது. ஜூனில், நம்மில் எவருடைய கவனத்துக்கும் வராமல், ஐரோப்பாவில் போன் கம்பனிகள் மைக்ரோ யூஎஸ்பியைப் பொதுவான முனையாக ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட்டன. ஒக்டோபர் 20ஆம் திகதி, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனில் கட்டிய பாலம். பாதையில் காத்திருந்த நேரம் முடிந்தது.

பாலமும் பொது முனையும் சேர்ந்து செய்த வேலையைக் கவனியுங்கள். சாமான் வந்து சேரும் தூரம் சுருங்கியது. எல்லாப் போனுக்கும் ஒரே வயர் பொருந்தத் தொடங்கியது. விலை இறங்கியது. புஹாரியடிச் சந்தி வரை போகாமலே, பக்கத்துத் தெருவில் கேபிள் வாங்கலாம். இது பெரிய நன்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேபிள் தொலைந்தால் தேடுவதைவிட வாங்குவது லேசாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்பதைவிடவும் வாங்குவது லேசாகிவிட்டது.

*சுருங்கிக்கொண்டே போன சாமான்கள்*

சிம்மின் கதையும் இதே மாதிரித்தான். 1991இல் ஜேர்மனியில் செய்து பின்லாந்தில் பாவனைக்கு வந்த முதல் சிம், இன்றைய வங்கி அட்டையின் அளவு. பிறகு நமக்குப் பழக்கமான 25க்கு 15 மில்லிமீற்றர் சிம். அதற்குப் பிறகு 15க்கு 12 மைக்ரோ. 2012இல் 12.3க்கு 8.8 நானோ. சின்ன விரலின் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பழைய சிம்மை வெட்டிக் கொடுக்க, ஸ்டேப்லர் மாதிரி ஒரு கட்டரை நம் போன் கடைகளில் வைத்திருந்தார்கள். வெட்டிய சிம்மைப் பழைய போனில் போடுவதற்குச் சட்டம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டும் கொடுத்தார்கள். இன்றைக்கு அதில் ஒன்றை முழுதாக வைத்திருக்கிறவரை அருங்காட்சியகத்தில்தான் வைக்க வேண்டும்.

சிம் தட்டைத் திறக்கிற பின்னும் அப்படித்தான். போன் வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு மட்டையில் குத்தியிருக்கும். தேவைப்படும் நாளில் இருக்காது. அப்போது நம் பெண்கள் தோட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். தோட்டின் தண்டு சரியாகப் பொருந்தும். ஒரே ஓர் எச்சரிக்கை: சில போன்களில் சிம் துளைக்குப் பக்கத்திலோ கீழ்ப்பக்கத்திலோ உள்ள அதே மாதிரித் துளை மைக்கினுடையது. அதற்குள் குத்தினால் நாம் பேசுவது மறுபக்கத்துக்குக் கேட்காது.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் வட்ட முனைக்கு இவை எல்லாவற்றையும்விட வயது கூட. 1870களின் கடைசியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள் ஓர் ஆளின் இணைப்பை இன்னோர் ஆளோடு சேர்க்கச் செருகிய தடித்த முனைதான் அதன் மூதாதை. அது சுருங்கிச் சுருங்கி 3.5 மில்லிமீற்றராக நம் காதுக்கு வந்தது. 2016இல் அப்பிள் தன் ஐபோன் 7இலிருந்து அந்தத் துளையை எடுத்தது. மற்றக் கம்பனிகளும் ஒன்றொன்றாகப் பின்னால் போயின. வயர் இருந்தவரைக்கும் வலது காதும் இடது காதும் ஒன்றாகவே தொலைந்தன. வயர் போனபிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொலைகிறது.

2020 ஒக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. மற்றப் பெரிய கம்பனிகளும் அதையே செய்தன. வீட்டில் ஏற்கெனவே சார்ஜர் இருக்கிறதுதானே, குப்பை குறையும் என்றார்கள். அதாவது, நம் லாச்சிக்குள் இருப்பதை நம்பித்தான் இப்போது போன் விற்கிறார்கள். 2014இல் முடிவான டைப் சி முனையை 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பா கட்டாயமாக்கியது. ஐபோனும் 2023இலேயே அதற்கு வந்துவிட்டது. 30 வகைக் குழப்பம் கிட்டத்தட்ட முடிந்தது.

ஆனால் இன்னொரு குழப்பம் தொடங்கிவிட்டது. முந்தி, பின்னைப் பார்த்தாலே யாருடையது என்று தெரியும். இப்போது வீட்டில் ஐந்து வெள்ளைக் கேபிள், ஐந்தும் டைப் சி. ஒன்று மெதுவாகச் சார்ஜ் ஏற்றும். ஒன்று வேகமாக ஏற்றும். ஒன்றில் படம் மாற்ற முடியாது, சார்ஜ் மட்டும்தான். பார்வைக்கு எல்லாம் ஒன்று. வீட்டுக்குள் நடக்கும் "என்ட வயரை யார் எடுத்த?" சண்டையில் பாதிக்கு இதுதான் காரணம்.

சுவரிலுள்ள பிளக்கையும் மறக்கக்கூடாது. சவூதியிலிருந்து வந்த சார்ஜர்களில் பல தட்டையான இரண்டு முனை. கட்டார், குவைத், டுபாயிலிருந்து வந்தவை சதுர மூன்று முனை. சில சாமான்களுக்கு வட்டமான இரண்டு முனை. பொருந்தாததைப் பொருத்த அடப்டர் வேண்டும். அது கைக்குக் கிடைக்காதபோது நம் பிள்ளைகள் பேனையை மேல் துளைக்குள் செருகிக் கதவைத் திறந்து, இரண்டு முனையைத் தள்ளுகிறார்கள். மூன்றாவது முனையை வைத்ததே பிள்ளையின் விரலோ கம்பியோ உள்ளே போகாமல் கதவு மூடியிருப்பதற்காகவும், மின் கசிந்தால் நிலத்துக்குப் போவதற்காகவும்தான். சின்ன அடப்டர் ஒன்று தன் இடத்தில் இல்லாததற்கு ஒரு பிள்ளையின் உயிர் விலையாகக் கூடாது.

*பற்றாக்குறை திரும்பி வந்தபோது*

2020இல் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் போனுக்குள் போனது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், ஒரு சார்ஜர். காலையில் ஆறாம் வகுப்புக்காரன், பின்னேரம் சாதாரண தரம் எழுதுகிறவள், இரவில் வாப்பா என்று முறை வைத்தார்கள். சார்ஜர் வயர் முறிந்த வீட்டுப் பிள்ளை பாடத்துக்கு வரவில்லை. வருகை எடுக்கும் நமக்கு அது வெறும் வராமை. அந்த வீட்டில் அது ஒரு வயர்.

2022இல் இன்னும் கடுமை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஏ, பி, சி என்று பகுதிகளைப் பிரித்து நேரசூசி போட்டார்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறியதால் ஒரு சாதாரண கேபிளையும் வாங்க யோசிக்க வேண்டி வந்தது. அப்போது நம் வீடுகளில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கேபிள்கள் திரும்பவும் தங்கள் இடத்துக்கு வந்தன. மின்சாரம் வரும் நேரத்துக்கு முன்பே பவர் பேங்க், சார்ஜர், சார்ஜ் லைட் எல்லாம் மேசையில் வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டில் கேட்பதும் திரும்பி வந்தது. பாதைக் காலத்துப் பழக்கம் நம் கைகளை விட்டு முழுதாகப் போகவில்லை என்பதை அந்த மாதங்கள் காட்டின.

*லாச்சிக்குள் பூட்டிய முகங்கள்*

இனி நாம் சொல்ல வந்த முக்கிய விடயம்.

உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய போன் இருக்கும். நொக்கியாவோ, சம்சுங்கோ, பெயர் அழிந்த சீனப் போனோ. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதுக்குள்ள வாப்பாட போட்டோ இருக்கு." வெளிநாட்டிலேயே மௌத்தானவர்களின் குரல், பிள்ளைகளின் முதல் நடை, சுனாமிக்குப் பிறகு திரும்பக் கட்டிய வீட்டின் முதல் படம், கல்யாணங்கள். நம் ஊரில் புகைப்பட அல்பம் நின்றுபோனதும் மேகக் கணினி என்ற பேச்சு வந்ததுமான இரண்டு காலங்களுக்கு நடுவில் ஒரு பத்துப் பதினைந்து வருடம் இருக்கிறது. அந்த வருடங்களின் குடும்ப வரலாறு முழுவதும் பழைய போன்களிலும் நகம் அளவு மெமரி சிப்புகளிலும்தான் இருக்கிறது.

கொரோனா நாள்களை நினைத்துப் பாருங்கள். நம் ஜனாஸாக்களை எரித்த அந்த மாதங்கள். பிறகு 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்தபோதும், நெருங்கிய உறவினர் பலருக்கு அங்கே போக முடியவில்லை. கடைசி முகத்தை ஒரு போன் திரையில்தான் பார்த்தார்கள். அந்தப் போன்கள் இப்போது எங்கே? பல வீடுகளில் கண்ணாடி உடைந்து, சார்ஜ் இறங்கி, லாச்சிக்குள்.

அதைத் திறக்க ஒரு பின் வேண்டும். மைக்ரோ யூஎஸ்பியோ, சின்னப் பின்னோ, இப்போது கடையில் தேடினாலும் கிடைக்காத ஏதோ ஒரு தட்டை முனையோ. நம் ஊரில் சாவியைத் திறப்பு என்போம். அந்தப் பின்தான் அந்த அறையின் திறப்பு. குப்பை என்று நினைத்து அதை எறிந்தால் கதவு மூடியபடியே இருக்கும். அதோடு காலமும் நம் பக்கத்தில் இல்லை. பல வருடம் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் சிப்பில் பதிந்தவை மெல்ல மெல்ல அழியலாம். பழைய பற்றறி ஊதும். ஊதிய பற்றறியைச் சார்ஜ் போடக்கூடாது, போனைக் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்ற வேண்டும்.

*கணக்கு வைப்பவர்கள் எப்படி வைக்கிறார்கள்*

சின்னச் சாமானைத் தொலைக்கவே முடியாத தொழில்கள் சில உண்டு. விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்திருக்கும். கருவியை எடுத்தால் வெறும் உருவம் தெரியும். ஒரு கருவி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. சத்திரசிகிச்சை அறையில் ஊசி, பஞ்சு, கத்தரி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் நோயாளியை வெளியே கொண்டுவருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் அந்த எண்ணிக்கையும் ஒன்று.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் ஊர்ப் போன் கடைத் தம்பியைப் பாருங்கள். ஐபோனைக் கழற்றும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒவ்வொரு நீளம். நீளமான ஸ்க்ரூவைத் தவறான துளையில் முறுக்கினால் அது போர்ட்டுக்குள் இறங்கி, கம்பிப் பாதையை அறுத்துவிடும். ஆகவே கவனமான தம்பிமார் ஒரு தாளில் போனின் படத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அது இருந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டி வைக்கிறார்கள். உம்மும்மாவின் வெற்றிலைப் பெட்டியும் அந்தத் தாளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

சாமானைத் தேடித்தரும் வில்லைகளும் இப்போது வந்திருக்கின்றன. 2021இல் சம்சுங்கும் அப்பிளும் விற்கத் தொடங்கியவை. பையில் போட்டால் அது எங்கே என்று போன் காட்டும். அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பக்கத்தால் போகிற மற்றவர்களின் போன்கள் அதைக் கண்டு சொல்கின்றன. அதாவது, நம் தெருவின் பழைய முறைதான், காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு கேபிளுக்கு அதைக் கட்டினால் வில்லையின் விலை கேபிளைவிடக் கூட. அதற்குள் இருக்கும் நாணயம் போன்ற பற்றறியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக் குழாயைச் சுட்டுவிடும். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பற்றறிகளை லாச்சிக்குள் சும்மா போட்டு வைக்கவே கூடாது.

*மாஊன்*

நம் மார்க்கத்தில் சின்னச் சாமான் சின்ன விடயம் இல்லை. குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்துக்கு அல்மாஊன் என்று பெயர். நம் பிள்ளைகள் அதை மனனம் செய்து தொழுகையில் ஓதுகிறார்கள். மாஊன் என்பதை ஸகாத் என்று விளக்கியவர்களும் உண்டு. ஆனால் இப்னு மஸ்ஊத் (ரழி) போன்றவர்களின் விளக்கம், வாளி, கோடாலி, சட்டி போல மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் சாதாரண சாமான்கள் என்பது. அதைக் கொடுக்க மறுப்பவரைப் பற்றித்தான் அந்த அத்தியாயம் பேசுகிறது. இன்றைக்கு அந்தப் பட்டியலை எழுதினால் சார்ஜரும் அதில் வராதா?

கண்டெடுத்த பொருளுக்கும் சட்டம் உண்டு. அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்து, ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்று மத்ரஸாவில் படிக்கிறோம். அற்பமான பொருளுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை என்று சட்ட அறிஞர்கள் இலகுபடுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் அடிப்படையைப் பாருங்கள்: அடையாளம் முதலில், அறிவிப்பு அடுத்தது. இரவல் வாங்கிய பொருள் அமானத். பின் சின்னது என்பதால் அமானத் சின்னதாகிவிடாது.

இரவல் கொடுப்பதற்கு முதலில் அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். "இருக்கு, ஆனா எங்க எண்டு தெரியா" என்கிற வீடு மனமிருந்தும் கொடுக்க முடியாத வீடு. சின்னச் சாமானைக் கணக்கு வைப்பது கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பதற்குத்தான் அந்தக் கணக்கு.

*செய்யக்கூடியது*

நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த லாச்சியை வெளியே கொட்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் நுனியில் ஒட்டுத்தாளைச் சுற்றி, யாருடையது, எந்தப் போனுக்கு என்று எழுதுங்கள். சிம் பின்னைப் பழைய மருந்துப் போத்தலில் போடுங்கள். பற்றறிகளைத் தனியாக, கம்பியும் நாணயமும் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பழைய போனைத் திறக்கும் பின் இருந்தால் அதை அந்தப் போனோடேயே கட்டி வையுங்கள். திறக்க முடிந்தால் உள்ளே உள்ளதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையில்லாத பழைய பின்களை மட்டும் எறியாதீர்கள். பெரிய பின், சின்னப் பின், தட்டைப் பின், பத்துத் தலை எல்லாம் வேண்டும். ஒரு பாடசாலையிலோ வாசிகசாலையிலோ பள்ளிவாசலிலோ ஒரு பெட்டி வைத்து, வகை எழுதிச் சேர்த்தால், வாப்பாவின் குரலைத் திறக்க வழியில்லாத ஒரு வீட்டுக்கு அது உதவும். கொப்பி ஒன்றில் யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று எழுதினால் போதும். முந்தி தெருவின் நினைவில் இருந்த பதிவேட்டை இனிக் கொப்பியில் வைப்போம்.

ஊரின் வரலாற்றை எழுத நாளைக்கு ஒரு பிள்ளை வரும். பாலத்தின் நீளம் அதற்கு எங்கேயும் கிடைக்கும். பாலம் வருவதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்களின் முகம் நம் லாச்சிகளில் மட்டும்தான் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்காகப் பின்னைப் பத்திரப்படுத்துவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் என்னென்ன பின் இருக்கிறது என்று எழுதுங்கள். தேடுகிற ஒருவருக்கு அது இன்றைக்கே உதவலாம்.